என்ட வீட்டில இரிந்துகொண்டு

உயர்தர வகுப்பு அரசறிவியலில் பழமைவாதம் என்றொரு அலகு இருக்கிறது. சுனாமிக்கு முந்திய வருடங்களில் அதை நான் ஒரே பாடவேளையில் முடித்துவிடுவேன். மனிதன் குறையுள்ளவன், வழக்கத்துக்கு மதிப்பு, திடீர் மாற்றத்தில் அவநம்பிக்கை, சொத்து, குடும்பம், சமயம், அதிகாரம் என்று கரும்பலகையில் விறுவிறுவென்று எழுதி, "சோதனைக்கு வந்தா இதப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்த புரட்சிப் பாடத்துக்கு ஓடிவிடுவேன். வயிறு நிறைந்தவர்கள் கதிரையை விட்டு எழும்ப மறுப்பதற்குச் சொல்லும் சாட்டுத்தான் பழமைவாதம் என்பது என் எண்ணம். அதில் பாதி உண்மை என்று இன்றைக்கும் சொல்வேன். மற்றப் பாதி எனக்கு விளங்கியது என் தங்கையும் அவள் கணவரும் போட்ட சண்டைகளால்.

தங்கை பெரிய சண்டைக்காரி. அம்மாவிடமிருந்து வீடு அவளுக்கு வந்தது, வாய் எங்கள் இருவருக்கும் வந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கலியாணம் முடிந்தால் தாய் வீட்டைக் கொடுத்துவிட்டு வளவின் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்வாள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். அண்ணன் தம்பிமார் தங்கள் சகோதரிகளின் வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சுமந்துவிட்டு, தாங்கள் போய் இன்னொருத்தியின் வீட்டில் குடியிருப்பார்கள். மூத்தவள் நான் கலியாணமே வேண்டாம் என்று நின்றுவிட்டதால் தேற்றாத்தீவுக்குப் பக்கத்தில், கடற்கரைப் பக்கமாக இருந்த எங்கள் வீடு தங்கைக்குப் போயிற்று. எனக்கு ஓர் அறை. அம்மா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

தங்கையின் கணவர், என் மச்சான், பனிச்சங்கேணிக்காரர், மேசன் வேலை. எங்கள் பாடசாலைக் கட்டடத்துக்குச் சுவர் வைக்க வந்தவர் இங்கேயே மாப்பிள்ளையாகிவிட்டார். ஊரெல்லாம் வீடு கட்டியவருக்குச் சொந்த வீடு கிடையாது. அது எங்கள் ஊரில் ஒரு குறையே இல்லை.

அவர்களுடைய சண்டைக்கு ஒரு பழகிய பாதை இருந்தது. சேற்றுச் சைக்கிளை விறாந்தையில் ஏற்றினார், கறிக்கு உப்புக் காணாது என்றார், இப்படி எதிலாவது தொடங்கும். ஏறும். உச்சியில் தங்கை ஒன்றைச் சொல்வாள்: "என்ட வீட்டில இரிந்துகொண்டு எனக்கே கத சொல்லுறீங்களா?" உடனே அவர் கொழுக்கியில் கிடக்கும் சேட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் போய்விடுவார். பொழுதுபடத் திரும்பி வரும்போது கையில் ஒரு கோர்வை மீன் இருக்கும். அவள் வாங்கிச் செதில் தட்டி ஆய்வாள். அதோடு சரி. இந்த நாடகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வரும். நிலம், சொத்து, என்னது உன்னது என்கிற திமிர் படிக்காத சனத்தை விட்டு எப்போது போகப் போகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். மகா படிப்பாளி நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தபோது நாங்கள் வாவியை நோக்கி ஓடினோம். மச்சான் தங்கள் சின்ன மகளைத் தோளில் தூக்கியிருந்தார். எங்கள் வீட்டில் நான்கு பேரும் உயிரோடு இருந்தோம். பக்கத்து வளவில் அப்படியில்லை. அதை நான் எழுதப் போவதில்லை, என்னால் முடியாது. வீடு நின்ற இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது, உள்ளே உப்புத் தண்ணீர்.

ஒரு பாடசாலையில் எங்களைத் தங்க வைத்தார்கள். அரசாங்கம் வரமுன்னர், வெளிநாட்டு வெள்ளை வாகனங்கள் வரமுன்னர், கரடியனாற்றுப் பக்கத்து வயற்காரர்கள் உழவு மெசினில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தார்கள். வழியில் இராணுவம், இயக்கம் என்று இரண்டு தரப்பின் காவலரண்கள். அவற்றைத் தாண்டி வந்தது கோயில் சபைக்காரரும் அவர்களின் பெண்சாதிமாரும் விடிய எழும்பிக் கட்டிய சோறு. யாரும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை. திருவிழாவுக்குச் சமைக்கிற கூட்டம்தானே, கிடாரமும் அகப்பையும் ஆளும் பேருமாகப் பழகிய வேலை. "சோறு காணுமா ரீச்சர்?" என்று ஒருவர் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். சின்னச் சின்னக் கூட்டங்களில்தான் சமூகம் உயிரோடிருக்கிறது என்று பழமைவாதிகள் சொல்வதை நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை, பசிதான் இருந்தது.

சில கிழமைகளுக்குப் பிறகு வீடிழந்தவர்களின் விபரம் எடுக்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் நின்று வேலை செய்தார். ஒவ்வொரு பெண்ணிடமும், "குடும்பத் தலைவர் ஆரு?" என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது, மரியாதை ஆணுக்குரியது. நாலு பேர் பார்க்க, புருஷனை வைத்துக்கொண்டு நான்தான் தலைவர் என்று எவள் சொல்வாள்? பெயரைச் சொல்லவும் கூச்சம். தங்கை மச்சானின் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்துவிட்டு, "இவர்தான்" என்றாள். அவர் பெயர் பதிவாயிற்று. அடுத்தவளும் அப்படியே, அதற்கடுத்தவளும் அப்படியே. நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியும் ஒரு மரியாதைக்காகத் தன் வீட்டைத் தாரை வார்த்துக்கொண்டிருந்தாள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எங்களுக்கான புதிய குடியிருப்பு வாவிப் பக்கம், தொண்டு நிறுவனமொன்று விலைக்கு வாங்கிய காணியில் எழும்பியது. நேரான வீதி, ஒரே அளவு வீடு, ஒரே நிறம், ஒருவருக்கும் கூடக் குறைய இல்லை. என் புரட்சிப் பாடம் எழும்பி நின்று கைகாட்டுகிற மாதிரி இருந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். தங்கை உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, அடுப்ப வீட்டுக்குள்ளயா வெச்சிருக்காங்க? புக முழுக்க எங்க போற?"

"கேஸ் அடுப்பு வைக்கலாம்தானே புள்ள."

"கேஸ ஆரு, நீங்களா வாங்கித் தாற?"

கொஞ்ச நாளில் எல்லா வளவிலும் பின்பக்கம் தென்னோலைக் கிடுகால் ஒரு குசினி முளைத்தது. ஒன்றைப் போல் ஒன்றில்லை. திட்டம் போட்ட பொறியியலாளர் வந்து பார்த்து முகம் சுளித்தார். எனக்கும் கொஞ்சம் கவலைதான், வரிசை கெட்டுவிட்டதே என்று.

காணி உறுதிப் பத்திரம் மச்சானின் பெயரில் வந்தது. சம்பளத்தைக் கொடுப்பது போலவே அதையும் கொண்டுவந்து தங்கையின் கையில் கொடுத்தார். அவள் அலுமாரியில் வைத்தாள். ஒன்றும் மாறவில்லை என்றுதான் மூவரும் நினைத்தோம்.

பிறகு ஒரு நாள் சண்டை வந்தது. அதே சைக்கிள், அதே சேறு. வழக்கம் போல ஏறியது. தங்கை, "என்ட வீட்டில" என்று தொடங்கினாள். நிறுத்திவிட்டாள். மச்சான் கொழுக்கியில் கையை வைத்தபடி நின்றார். மிச்சத்தைச் சொல்வாள், சேட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. அவர் போகவுமில்லை. அந்தச் சண்டை கிழமைக் கணக்கில் நீண்டது. சத்தமில்லாத சண்டை. வாயடைத்துப் போன என் தங்கையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பாதி வசனம் என்னை விடவில்லை. திமிர் என்று நான் நினைத்திருந்த அந்தப் பேச்சுத்தான் அந்தக் குடும்பத்தைத் தாங்கி நின்ற தூண். அவருக்குத் தோளில் பலம், கையில் உழைப்பு. அவளுக்குக் காலடியில் நிலம். இரண்டும் சமப்பட்டு நின்றதால்தான் சண்டை மீன் கோர்வையோடு முடிந்தது. அதை யாரும் அப்படித் திட்டமிட்டு அமைக்கவில்லை. கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, "எங்கட வழக்கம் அது" என்பாள். வழக்கத்தின் காரணம் அதைக் கைக்கொள்கிறவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதனாலேயே அது காரணமற்றது ஆகிவிடாது என்று பழமைவாதம் சொல்கிறது. நான் வருடக்கணக்காக ஒப்புவித்த வரி. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டவர் கெட்டவரில்லை. ஊரிலே இல்லாத ஒரு பதவியைப் பற்றிக் கேட்டார், ஊர் மரியாதையாகப் பதில் சொன்னது.

அந்த வருடம் பழமைவாத அலகு ஒரு பாடவேளையில் முடியவில்லை. ஒரு கிழமை இழுத்தது. அது ஒரே கருத்தில்லை, பல கிளை என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டினேன். அரசனும் கோயிலும் மேல்கீழும் அப்படியே இருக்க வேண்டும் என்கிற முரட்டுக் கிளை உண்டு. கூரை ஒழுகினால் கூரையை மாற்று, வீட்டை இடிக்காதே என்கிற நிதானக் கிளை உண்டு. இருப்பவன் இல்லாதவனைப் பார்க்கக் கடமைப்பட்டவன் என்று சொல்லும் கிளை, அரசாங்கம் தள்ளி நிற்கட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்கிற கிளை, நாடு, இனம், கொடி என்று தோள் தட்டுகிற கிளை. கடைசியைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன். வாசலுக்கு வெளியே சோதனைச் சாவடி. இந்த நாட்டில் பழம்பெருமை பேசுகிறவர்கள் யாருடைய பழமையைப் பேசுகிறார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதே வேளை, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகச் செய்வோம் என்று வந்தவர்களையும் அவர்கள் கண்டிருந்தார்கள். எங்கள் கரைக்குத் திட்டத்தோடு வந்த ஒவ்வொருவரும் முதலில் எங்களைத்தான் எழும்பச் சொன்னார்கள்.

பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பியது. "ரீச்சர், அப்ப எங்கள கோயிலுக்குள்ள விடாம வெச்சிருந்ததும் வழக்கம்தானே. அதையும் காப்பாத்தவா?"

 நான் கொஞ்சம் தடுமாறினேன். "கறையான் அரிச்ச கூரை வளைய ஆரும் வீட்டில வெச்சிருக்க மாட்டாங்க மகள்" என்றேன். "வழக்கத்தக் காப்பாத்திற எண்டா, எது தாங்குது, எது அரிக்குது எண்டு தட்டிப் பார்க்கிறதும் சேர்த்தித்தான்." அந்தப் பிள்ளை முழுதாக ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. எனக்கும் அந்தப் பதில் முழுதாகப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

இதற்கிடையில் பனிச்சங்கேணி இருக்கும் வடக்குக் கரையில் யுத்தம் மூண்டது. மச்சானின் அம்மாவும் கடைசித் தங்கையும் பனிச்சங்கேணியை விட்டுக் காட்டு வழியால் நடந்து, வாவியைக் கடந்து, உடுத்த உடுப்போடு எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். மாமி வாய்க்கும் கைக்கும் ஓயாத மனுஷி. வந்த மறுநாளே கிடுகுக் குசினியைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் அனைவரும் அந்தச் சின்ன வீட்டில் ஒட்டிக்கொண்டு இருந்தோம். ஊர் திரும்பலாம் என்றதும் மாமி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு தரைமட்டம். யுத்தம் முழுதாக முடிந்த வருடத்தில் கடைசித் தங்கைக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. வீடு எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்.

ஒரு பின்னேரம், நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே மாமி மகனைப் பார்த்துச் சொன்னார். "உன்ட பேரில ஒரு வீடு இரிக்கிதானே மனே. தங்கச்சிக்கு அத எழுதிக் குடு. அண்ணன்காரன் செய்யிற வேலதானே."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "அப்ப என்ட தங்கச்சி தெருவிலயா இரிக்கிற?" என்றேன்.

"ஏன்கா கோவிக்கிறீங்க? பொம்பளைக்கு வீடு குடுக்கிற அவட தாயாக்கள்ட வேல. உங்கட அம்மா குடுத்தா. கடல் கொண்டு போயிட்டுது. அதுக்கு என்ட மகன் என்ன செய்யிற? நீங்க சம்பளக்காரி, தங்கச்சிக்கு ஒண்டு கட்டிக் குடுங்களன்."

சொன்ன முறையில் வஞ்சகம் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக ஆத்திரம் தந்தது. வழக்கப்படி ஒவ்வொரு சொல்லும் சரி. சகோதரிக்கு வீடு கொடுக்கக் கடமைப்பட்ட ஓர் அண்ணனின் கையில், வரலாற்றில் முதன்முறையாக, கொடுக்க ஒரு வீடு இருந்தது. இல்லையென்று அவர் எப்படிச் சொல்வார்? அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அவர் எழுதிக் கொடுத்துவிடுவார் என்றே நான் பயந்தேன். நல்ல மனிதர், அதனால்தான் பயம்.

மறுநாள் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு நகரத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். உறுதி யாருடைய பெயரிலோ காணி அவருடையது, அவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம் என்றார். வழக்கம் என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்றார். பஸ்சில் வரும்போது முழு வழியும் அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது தங்கையும் மாமியும் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மச்சான் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நான் சட்டத்தைப் பற்றி வாயெடுக்க முன்னர் தங்கை நிமிராமலே கேட்டாள்.

"மாமி, இந்த வீட்ட ஏன் தந்தாங்க?"

"கடல் வீட்டக் கொண்டுபோனதுக்குத்தான்."

"கடல் கொண்டுபோனது ஆர்ட வீடு மாமி?"

மாமியின் கத்தி நின்றது. வெளியே மண்வெட்டிச் சத்தமும் நின்றது.  மாமியும் தாய் கொடுத்த வீட்டில் வாழ்ந்தவர், அந்த வீட்டைத்தான் இடிந்து கிடக்கப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"உன்ட வீடுதான் புள்ள" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மறுகா என்ட மகள் எங்க போற?" என்று அழுதார். தங்கையும் அழுதாள். எனக்கு அந்த மனுஷியின் மேலிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மச்சான் வாசலில் நின்றபடியே, "நான் வந்து கட்டித் தாறன் அம்மா" என்றார். "எத்தின பேருக்குக் கட்டியிரிக்கன். தங்கச்சிக்குக் கட்டாம விடுவனா?"

உறுதியை மச்சானின் பெயரிலிருந்து மாற்ற நொத்தாரிசிடம் போக முன்னர் நான் என் கடைசி முற்போக்கு யோசனையைச் சொன்னேன். இருவர் பெயரிலும் பாதி பாதியாக எழுதலாமே, அதுதான் நியாயம் என்றேன். மச்சான் சிரித்துவிட்டார்.

"பாதி வீட்டுக்குள்ள இரிந்து எப்பிடிச் சண்ட பிடிக்கிற மச்சாள்?"

அப்படியானால் மகள் பெயரில் எழுதுவோம் என்றார் அவர். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. "என்ட பேரில எழுதுங்க. அவளுக்கு நான் குடுப்பன்." அம்மா தங்கைக்கு வீட்டை எழுதாமலே தந்தார். தன் மகளுக்கு எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்பதை அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். வழக்கத்தைக் காப்பாற்ற வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. நிதானக் கிளை சொல்வதும் அதைத்தான். அதை விளக்க எனக்கு இனி இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, ஆனால் வகுப்பில் சொல்ல இன்றுவரை வெட்கம் விடவில்லை.

உறுதி தங்கையின் பெயருக்கு வந்தது. மச்சான் பனிச்சங்கேணிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். இடிந்த வீட்டின் கற்களில் நல்லதைப் பொறுக்கி அத்திவாரம் போட்டார். கடைசித் தங்கையின் கலியாணம் அந்தப் புது வீட்டில், பூசாத சுவர்களுக்கு நடுவில் நடந்தது. மாமி அங்கேயே இருந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வினோதம். கணவனும் மனைவியும் விருந்தாளிகளைப் போலப் பழகினார்கள். "சாப்பிடுறீங்களா?", "ஓம், போடுங்க." எனக்கு அந்த மரியாதை பிடிக்கவேயில்லை.

மழை தொடங்கிய ஒரு நாள். மச்சான் வேலை முடிந்து நனைந்து வந்தார். சைக்கிளை அப்படியே உருட்டி, சேறு சொட்டச் சொட்ட விறாந்தையில் ஏற்றினார். தங்கை குசினியிலிருந்து வந்தாள். பார்த்தாள். நான் கையிலிருந்த பாடப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"இப்பதான் கழுவின. கண் தெரியல்லயா?"

"மழ பெய்யிது. வெளிய விட்டா துருப் பிடிக்கும்."

"துருப் பிடிச்சா பிடிக்கட்டும்."

"உனக்கென்ன, நீயா உழைச்சு வாங்கின?"

அவள் இடுப்பில் கையை வைத்தாள். "என்ட வீட்டில இரிந்துகொண்டு" என்றாள். ஒரு கணம் நின்றாள். 

"எனக்கே கத சொல்லுறீங்களா?"

மச்சான் கொழுக்கியிலிருந்த சேட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் வாவிப் பக்கம் நடந்தார். தங்கை குசினிக்குள் போய் விம்மி விம்மி அழுதாள். அழுதுகொண்டே, மீன் ஆய்கிற கத்தியைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தாள்.